படிக்கம் கேட்ட பதினேழு ஊர்ப் பள்ளி வாரியங்களுக்கு

நலம் பெருகுக. மழை பொய்யாதிருக்க. மூச்சுடைய எவருக்கும் மூச்சு இடறாதிருக்க.

ஏழு ஏரிக்கும் இரண்டு மலைக்கும் உரியவரும், பகைவர் மூவரைப் போரிலும் நால்வரை விருந்திலும் வென்றவரும், ஆறாண்டுக்கு முன் வெற்றிலை துறந்து அந்நாள் முதல் வாய் சிவக்காதவருமாகிய வெண்ணாவல் நாட்டு வேந்தர் மாவேள் நெடுங்கண்ணனார் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் காரி அம்பலவன் எழுதியது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்று, ஊர்ப் பிள்ளைகளின் படிப்பைக் காக்கும் பொறுப்பை ஏற்று, ஒன்பது திங்களாகப் பள்ளிக் கதவின் பூட்டை மட்டுமே காத்து வருகிற பதினேழு ஊர்ப் பள்ளி வாரியப் பெருமக்களும் கண்டு, கூடியிருந்து கேட்பதாகுக.

நீவிர் விடுத்த பதினேழு விண்ணப்ப ஓலைகளும் வந்து சேர்ந்தன. பதினேழும் ஒரே விண்ணப்பம். மூச்சுச்சுரக் காலத்தில் பள்ளியில் வாய்த்துணி கட்டவேண்டும் என்ற அரசாணையைச் சட்டத்துக்கு உட்பட்டு நிறைவேற்றும் பொருட்டு, தும்பையூர்ப் பள்ளிக்கு அனுப்பியது போலவே எம் பள்ளிக்கும் அரசரின் படிக்கம் ஒன்றை அனுப்பியருள வேண்டும் என்பதே அது. அரசர் வெற்றிலை மென்று உமிழும் வெள்ளிக் கலத்துக்கு நாட்டில் இத்தனை கிராக்கி வரும் என்று யாம் எண்ணியதில்லை. ஓர் ஊரார் தமக்குப் பள்ளி இரண்டு என்பதால் படிக்கமும் இரண்டு வேண்டும் என்கின்றனர். இன்னோர் ஊரார், படிக்கம் கிடையாதெனில் அரசரின் காதுக்குரும்பி எடுக்கும் பொற்கம்பியாவது போதும் என்று பெருந்தன்மையோடு எழுதியுள்ளனர்.

தும்பையூரில் அந்தப் படிக்கத்தால் நேர்ந்தது இன்னதென்று அறிந்தால் நீவிர் கேட்டிருக்கமாட்டீர். ஆதலின் அவ்வூர் வாரியத் தலைவர் ஏறன் சாத்தனார் அரண்மனை முற்றத்தில் நின்று தம் வாயால் சொன்னதை இவ்வோலையில் வைக்கிறேன். அழுதுகொண்டே சொன்னபடியால் இரண்டிடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டு எழுத நேர்ந்தது.

சாத்தனார் நான்கு செக்குக்கு உரியவர். வாரியக் குடத்தில் ஐந்து முறை பெயர் வந்தவர். அரசர்மேல் அவர் வைத்த பக்தி தேவைக்குச் சற்று மேலேயே நின்றது. அரசர் முன்னும் அரசர் கைப்பட்ட பொருள் முன்னும் நம் மூச்சுப் படாதிருக்க வலக்கையால் வாய் பொத்தி நிற்பது நம் வழக்கம் அன்றோ? பட்டத்து யானை வீதியில் போனால் எல்லாரும் பொத்துவர். சாத்தனாரோ யானை போன பின்னும் அது வீதியில் விட்டுச் சென்றதன் முன்னே நின்று பொத்துவார். மற்றவரும் அவ்விடத்தில் பொத்துவதுண்டு, மூக்கையும் சேர்த்து. அவருக்குக் கொட்டாவி வந்தால் தலைநகர் இருக்கும் வடதிசைக்குத் திரும்பிக்கொண்டு, அதன்பிறகே வாயில் கை வைப்பார். ஏனெனில் வேந்தரின் முப்பாட்டனார் காலத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அரசரையன்றி வேறு எவர் முன்னும் வாய் பொத்தினால், பொத்தியவரும் பொத்தப்பெற்றவரும் குடும்பத்தோடு பன்னிரண்டு ஆண்டு நாடு கடத்தப்படுவர் என்பது அச்சட்டம். அதனால் இதுவரை ஒருவரும் தண்டிக்கப்பட்டதில்லை. அடுத்தவருக்காக வாய் மூடவேண்டிய தேவை ஒருவருக்கும் வந்ததில்லை என்பதே காரணம்.

மூச்சுச்சுரம் வந்தது, தேவையும் வந்தது. நோய் வாய்வழி பரவுகிறது என்று மருத்துவர் அவை உரைக்க, பள்ளியில் ஆசிரியரும் பிள்ளைகளும் இரண்டு மடிப்புத் துணியால் வாயும் மூக்கும் கட்டி, அத்துணியை நாள்தோறும் துவைத்து உலர்த்தி, பள்ளியைத் திறக்கக் கடவர் என்று ஆணை போயிற்று. ஆணையை எழுதியவன் யான். எழுதும்போது முப்பாட்டனார் சட்டம் என் நினைவில் இல்லை. பகல் முழுதும் அரண்மனையில் வாய் பொத்தியே நிற்பவனுக்கு, வாய் பொத்தாத இடங்களும் நாட்டில் உண்டு என்பது மறந்துபோயிற்று.

ஆணை கண்டதும் தும்பையூர் வாரியம் மூன்று நாள் கூடியது. துணியால் மூடுவது கையால் பொத்துவதற்குச் சமமா என்று முதல் நாள் ஆராய்ந்து, கை வலித்தால் எடுத்துவிடலாம், துணியோ மாலைவரை இருக்கும், ஆதலால் துணியே மிகுந்த வணக்கம் என்று முடிவு செய்தனர். அங்ஙனமாயின் அவ்வணக்கம் எவருக்கு என்பது இரண்டாம் நாள் வழக்கு. பிள்ளைகளின் எதிரே அமர்பவர் ஆசிரியை வெள்ளி நாகையார். அவர் சாத்தனாரின் உடன்பிறந்த தங்கை. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் பகல் முழுதும் தம் தங்கை முன்னே வாய் மூடி இருப்பராயின் தங்கை அரசியாகிறாள், தங்கை அரசியானால் தாம் யார் என்று சாத்தனார் தம்மையே கேட்டுக்கொண்டார். விடை தெரிந்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பிள்ளைகளைச் சுவர் பார்த்து அமரச் செய்யலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். சுவருக்கு அப்பால் எருமைத் தொழுவம். எருமைக்கு வாய் பொத்திய ஊர் என்ற பெயர் வேண்டாம் என்று அந்த யோசனை கைவிடப்பட்டது. கட்டாவிட்டால் ஆணையை மீறிய துரோகம், கட்டினால் சட்டத்தை மீறிய துரோகம் என்று மூன்றாம் நாள் கண்டறிந்து, பூட்டைச் சோதித்துவிட்டு அவரவர் வீடு போயினர்.

இவ்விடத்தில் நாகையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சுரம் முதலில் வந்தபோதே அது அவரைப் படுக்கையில் தள்ளி எழுப்பியது. அந்நாள் முதல் அவர் மூச்சு விடும்போது நெஞ்சில் ஒரு சீழ்க்கை கேட்கும். இன்னொரு முறை வந்தால் நெஞ்சு தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனினும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஏரிக்கரை ஈரமண்ணில் ஒரு சிறுமி அகரம் எழுதத் தொடங்கி, சுழியைப் போட்டுவிட்டு, மேலே எங்கே இழுப்பது என்று தெரியாமல் விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றதை அவர் கண்டார். அன்று தம் தமையனாரிடம் வந்து, துணி கட்டிப் பள்ளி திறந்தால் தாமும் பிழைக்கலாம், பிள்ளைகளும் படிப்பர் என்றும், துணியின்றித் திறந்தால் தாம் பிழைப்பது அரிது என்றும், திறவாமலே கிடந்தால் தாம் பிழைத்து ஆவதொன்றும் இல்லை என்றும் சொன்னார். தாய் தந்தை இல்லாத வீட்டில் சாத்தனார் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை அவர். தங்கையும் பிழைக்கவேண்டும், தாமும் துரோகி ஆகக்கூடாது என்று சாத்தனார் கையைப் பிசைந்து, கடைசியில் ஒரு வழி கண்டார். அரசரின் திருப்பொருள் ஒன்று பள்ளியில் எழுந்தருளினால், பிள்ளைகள் வாய் மூடுவது அரசருக்கே ஆகும் அன்றோ? உடனே விண்ணப்பம் எழுதினார்.

அதைப் படித்து மெச்சியவன் யான். குடையும் கவரியும் இலச்சினையும் அன்றாடம் வேண்டியவை. வெற்றிலை துறந்த அரசரின் படிக்கம் மட்டும் ஆறாண்டாகப் பயனின்றிக் கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். எச்சிலால் பரவும் நோய்க்கு எச்சிற்கலத்தைக் காவல் வைத்தவன் என்று பின்வருவோர் என்னைப் பேசுவர். பேசட்டும்.

படிக்கம் முரசு முழங்கத் தும்பையூர் புகுந்து, பள்ளி மண்டபத்தில் முக்காலியின்மேல் குடைநிழலில் அமர்ந்தது. பிள்ளைகள் துணி கட்டினர். நாகையாரும் கட்டினார். முதல் ஒரு நாழிகை பள்ளி பள்ளியாகவே நடந்தது. அதன்பிறகு, ஒருமுறை தலைநகருக்கு வந்துபோன உறுப்பினர் ஒருவர், அரசர் முன்னே எவரும் அமரலாகாதே என்று நினைவூட்டினார்.

நாற்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றனர். புறங்காட்டி வெளியேறலாகாது என்பதும் நினைவுக்கு வர, மணி அடித்ததும் பிள்ளைகள் பின்புறமாகவே நடந்து வீடு போயினர். அது அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏரிக்கரைச் சேற்றில் விழுந்தோர் எழுவர். அவ்வெழுவரில் ஒருவர் வாரியத் தலைவர். வழக்கப்படி வலக்கையும் வாயில் இருக்கவேண்டும் என்று துணியின்மேல் கையையும் வைக்கச் செய்தனர். எழுத்தாணி இடக்கைக்கு மாறியது. அரசர் வினவாமல் எவரும் வாய் திறக்கலாகாது என்று அடுத்து ஒரு விதி வந்தது. படிக்கம் எதையும் வினவவில்லை. நான்கு நாள் பள்ளி பேச்சின்றி நின்றது. ஐந்தாம் நாள், படிக்கத்தை எழுத்தாணியால் தட்டி எழும் ஓசையை அரசரின் வினாவாகக் கொள்ளலாம் என்று வாரியம் இசைந்து, தட்டுவதற்கு ஓர் உறுப்பினரை அமர்த்தியது. எழுத்துக்கு ஒரு தட்டு. நின்றபடியே அவர் கண்ணயர்ந்துவிட, ஒரு நாள் வகுப்பு இகரத்திலேயே நின்றுபோயிற்று.

இதைக் கண்டு முதலில் சிரித்தவர் நாகையார். பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தமையனாரை மண்டபத்து ஓரமாக அழைத்து அவர் சொன்னதை, ஓலை முறைமைக்கு ஒவ்வாததாயினும், சொன்ன வாக்கிலேயே எழுதுகிறேன். “அண்ணே, நான் கேட்டது ஒரு முழத் துணி. நீ ஒரு ராச்சியத்தையே கொண்டாந்து வச்சிருக்க” என்றார். அரசர் முன்னே நின்றதால் மறுமொழி சொல்லச் சாத்தனாரும் தட்டுக்குக் காத்திருந்தார்.

இவ்வளவோடு போயிருந்தால் இது சிரித்து மறக்கும் கதை. அரசர் ஊரிலேயே எழுந்தருளியிருக்கிறார் என்ற செய்தி சுற்றுப்புறத்துக்குப் பரவியது. தென்னை சாய்ந்து நிழல் விழுந்ததென்று ஒருவர் வந்தார். மருமகள் பேசுவதில்லை என்று ஒருவரும், மருமகள் பேசுகிறாள் என்று ஒருவரும் வந்தனர். ஒரே மண்டபம், ஒரே வாசல், தோளோடு தோள் உரச நின்ற கூட்டம். அவர்கள் துணி கட்டவில்லை. முறைப்படி உள்ளங்கையால் பொத்தினர். முறையீடு சொல்லும் வேளையில் மட்டும் கையை எடுத்தனர். வந்தவர் அனைவரும் சொல்லவே வந்தவர் என்பதால் கை பெரும்பாலும் வாயில் இல்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இக்கூட்டத்தை வெளியேற்று என்று நாகையார் தமையனாரை மூன்று நாள் கேட்டார். அரசர் திருமுன்னிருந்து குடிகளை விரட்ட யாருக்கு உரிமை உண்டு என்று சாத்தனார் மூன்று நாளும் சொன்னார். இதை எம்மிடம் சொல்லும்போது அவர் முற்றத்து மண்ணில் அமர்ந்துவிட்டார். அரசர் முன் அமரலாகாது என்று காவலன் ஒருவன் அடியெடுத்து வைக்க, அரசர் கண்ணாலேயே அவனை நிறுத்தினார்.

இருபத்தொன்றாம் நாள் நாகையாருக்குச் சுரம் கண்டது.

ஒருவர் மட்டும் அருகிருந்து பார்க்கலாம், வாயும் மூக்கும் கட்டாமல் உள்ளே போகலாகாது என்று மருத்துவர் சொல்லிச் சென்றார். சாத்தனார் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காலை முதல் உச்சிவரை வாசற்படியில் நின்றார். உள்ளே தங்கை இருமுவது கேட்கிறது. துணியைக் கட்டி உள்ளே போனால் தங்கை முன்னே வாய் மூடியவர் ஆவார். குடும்பத்தோடு பன்னிரண்டாண்டு. இந்த மூச்சோடு அவள் எந்த நாட்டு எல்லைவரை நடப்பாள் என்று எண்ணிப் பார்த்தார். அப்போதும் அவருக்குப் படிக்கத்தின் நினைவே வந்தது. பள்ளிக்கு ஓடி, குடையின்றி முரசின்றி அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீதியில் வந்தார். அவரைக் கண்ட ஊரார் வரிசையாக வாய் பொத்தினர். படிக்கத்தை அறையின் மூலையில் வைத்து, அதை நோக்கி நின்று, வணங்கி, சட்டப்படி துணியைக் கட்டினார். முதுகு தங்கை பக்கம் இருந்தது.

நாகையாருக்கு அப்போது இருமல் பொங்கியது. அருகில் கலம் ஒன்றும் இல்லை. அவர் கையை மட்டும் நீட்டி, “அண்ணே, அந்தச் சட்டிய எடு” என்றார்.

அது சட்டியன்று, அரசர் என்று சொல்லச் சாத்தனாருக்கு நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. ஏழு ஏரிக்கும் இரண்டு மலைக்கும் உரியவரின் படிக்கத்தை இரு கையாலும் எடுத்துத் தங்கையின் மோவாய்க்குக் கீழே பிடித்தார். நாகையார் உமிழ்ந்தார். சளியோடு செந்நீரும் வந்தது. சாத்தனார் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டார். பிறர் எச்சில் பட்ட கலம் அரசர் திருமுன் ஆகாது என்பதும் சட்டமே. ஆகவே அந்த அறையில் அரசர் இல்லை. அந்நேரம் சாத்தனார் வாய் மூடியிருந்தது தம் தங்கை முன்னே, தங்கைக்காக. அதை அறிந்தே அவர் துணியை அவிழ்க்கவில்லை. இரவும் பகலும் கலத்தைப் பிடித்தும் துணியை மாற்றியும் கஞ்சி ஊட்டியும் நான்கு நாள் கழிந்தன. ஐந்தாம் நாள் சுரம் இறங்கியது.

தங்கை தாமே எழுந்து அமர்ந்த நாளில் சாத்தனார் படிக்கத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, மூன்று நாள் நடந்து தலைநகர் வந்து, தம்மைத் துரோகியென்று தாமே ஒப்புக்கொடுத்தார். வாய் பொத்தியது ஒரு குற்றம், திருப்பொருளை எச்சிலாக்கியது மற்றொன்று, இரண்டும் தம்முடையவை என்றார். தங்கை அவ்வேளை கண்ணை மூடியிருந்தபடியால் தமக்கு ஒருவர் வாய் பொத்தியதை அவள் அறியாள், நாடு கடத்துவதாயின் தம்மை மட்டும் கடத்தவேண்டும் என்று வேண்டினார். குற்றங்களை முறைப்படி யான் படித்தேன். படிக்கும்போது என் கை என் வாயில் இருந்தபடியால் என் குரல் நடுங்கியது எவருக்கும் தெரிந்திராது.

வேந்தர் ஒன்றே வினவினார், அந்தப் பெண் பிழைத்தாளா என்று. பிழைத்தாள், மூச்சு மட்டும் பாதிதான் மீண்டது என்று சாத்தனார் மறுமொழி சொன்னார்.

வேந்தர் தோளிலிருந்த பட்டு மேலாடையை எடுத்து, இரண்டாக மடித்து, தம் வாயும் மூக்கும் மறையத் தாமே கட்டிக்கொண்டார். அரசர் எவர் முன்னே வாய் மூடுகிறார் என்று அவையே திரும்பிப் பார்த்தது. எதிரே ஒரு செக்குக்காரரும் ஒரு வாயிற்காவலனும் மதில்மேல் ஒரு காகமும் இருந்தனர். முப்பாட்டனார் சட்டப்படி வேந்தரும் செக்குக்காரரும் காவலனும் காகமும் குடும்பத்தோடு பன்னிரண்டாண்டு நாடு நீங்கவேண்டும். காகத்தின் குடும்பம் பெரிது. யான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

வேந்தர் துணிக்குள்ளிருந்தே திருவாய் மலர்ந்தருளியதாவது: நம் மூச்சு எதிரில் இருப்பவர்மேல் படலாகாது என்பதே வழக்கம், எதிரில் இருப்பவர் அரசராக இருக்கவேண்டும் என்பது பின்னால் என் முப்பாட்டனார் சேர்த்துக்கொண்டது, அதை எடுத்துவிடு என்பதாகும். அச்சட்டம் எழுதிய ஏட்டை யான் அப்போதே சுவடியிலிருந்து உருவி எடுத்தேன். கயிறு சற்றுத் தளர்ந்தது, வேறொன்றும் நேரவில்லை.

சாத்தனாருக்குத் தண்டனை உண்டு. கூட்டத்தை வெளியேற்றாத மூன்று நாளுக்காக, சுரம் நாட்டைவிட்டு நீங்கும்வரை நாற்பத்து மூன்று பிள்ளைகளின் வாய்த்துணியையும் ஆசிரியையின் துணி ஒன்றையும் அவரே நாள்தோறும் வெந்நீரில் துவைத்து உலர்த்தக் கடவர். இது போதாது என்று அவர் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டது.

இனி உமக்கு ஆணை. இவ்வோலை கண்ட மறுநாள் காலை பதினேழு ஊர்ப் பள்ளிகளும் திறக்கப்படுக. சாளரங்களும் திறந்திருக்க. ஆசிரியர், பிள்ளைகள், வாரியத்தார், உள்ளே வருவோர் யாவரும் துணி கட்டுக. அது எவருக்கும் வணக்கமன்று. எதிரில் இருப்பவர் நாளையும் எதிரில் இருக்கவேண்டும் என்பதற்காக. எவருக்கு என்று ஆராய மூன்று நாள் கூடவேண்டாம். பிள்ளைகள் அமரட்டும், பேசட்டும், முன்னோக்கி நடக்கட்டும். இவ்வோலையைப் படிப்பவர் துணி கட்டிக்கொண்டு இரு கையாலும் பிடித்துப் படிக்கலாம்.

தும்பையூர்ப் பள்ளி திறந்து பதினொரு நாள் ஆகிறது. நாகையார் வாசலோரம் காற்றுப்படும் இடத்தில் அமர்ந்து, துணியின் ஊடே, உச்சிவரை தாழ்ந்த குரலில் பாடம் சொல்கிறார். அகரத்தின் சுழியோடு நின்ற சிறுமி இப்போது அதை முழுதும் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறாள் என்று கேள்வி.

திங்கள் பத்தில், வளர்பிறை ஏழாம் நாளில், வேந்தர் துணி கட்டியபடி கேட்டு இசைய, அரக்கில் யானை இலச்சினை இட்டுத் தந்தது. ஓலைநாயகம் காரி அம்பலவன் எழுத்து. இவ்வாணை காத்து நிற்போர் மூச்சு நீள்க.

நீவிர் கேட்ட படிக்கத்தைச் சாத்தனார் திருப்பித் தந்தபோது வேந்தர் வாங்கவில்லை. உன் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடு என்றார். இருமல் வரும்போது எடுக்க எட்டும்படி அது இப்போது நாகையாரின் பாயருகே இருக்கிறது. ஆதலின் உம் பதினேழு விண்ணப்பங்களும் மறுக்கப்பட்டன. படிக்கம் பயன்பாட்டில் இருக்கிறது.